பருத்திக்காக நின்ற காதுகுத்து

நெடுங்காலத்துக்கு முன்பு, கரிசல் மண் பரந்த ஒரு நாட்டை மகிழ்மாறன் என்னும் அரசன் ஆண்டான். காலையில் இட்ட ஆணையை மாலையில் மறப்பான். மறந்ததற்காக மறுநாள் அமைச்சரைக் கடிவான். அவன் ஆட்சியில் ஈராண்டு மழை பொய்த்துப் பருத்தி கருகியது. இனி ஊன்றும் விதையும் தவறினால் குடிகள் ஊரைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

இளவரசனுக்குக் காது குத்தும் நாளன்று அவையில் விதைப் பேச்சு எழுந்தது. தோட்டத் தலைவர் இரத்தினசபாபதி முந்திக்கொண்டார்.

“அரசே, என் செடிகளுக்கு நாளும் நீரைக் குறைத்துத் தாகம் தாங்கப் பழக்கியிருக்கிறேன். பழகிய செடியின் விதையும் பழகியே பிறக்கும். அமைச்சரோ, வறண்ட காட்டில் ஆயிரம் செடி கருகியபோது ஒற்றையாய்ப் பச்சையாக நின்ற ஒரு நோஞ்சானின் விதையை முடிந்து வைத்திருக்கிறார்!”

அமைச்சர் உலகுடையார் காது குத்த வந்திருந்த பொற்கொல்லரிடம் திரும்பி, “ஐயா, ஊசியோடு வீட்டுக்குப் போங்கள். இளவரசருக்குக் காது குத்த வேண்டியதில்லை” என்றார்.

“என் பிள்ளையின் சடங்கை நிறுத்த நீர் யார்?” அரசன் சீறினான்.

“தங்கள் காதில் துளை, தந்தையார் காதில் துளை, பாட்டனார் காதிலும் துளை. பழக்கியது பிறப்பில் வருமென்றால் இளவரசர் துளையோடுதானே பிறந்திருப்பார்?”

அரசன் குழந்தையின் காதைத் தடவிப் பார்த்தான். துளையில்லை.

“அடியேனையே பாருங்கள். என் தந்தை நான்கு சாத்திரம் கற்றவர். அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்த மூக்கு மட்டுமே. கற்றது வராது அரசே, உடன்பிறந்ததே வரும்.”

“உம் மூக்கை நம்பி நாட்டுக்கு விதை கொடுக்க முடியாது. இரண்டிலும் பத்துப் பத்து ஊன்றுங்கள்” என்றான் அரசன். காதுகுத்து நடந்தது; இளவரசன் அலறினான்.

செடிகள் வளர்ந்தபின் நாற்பது நாள் நீர் நிறுத்தப்பட்டது. தோட்டத் தலைவரின் பத்தும் சருகாயின. அமைச்சரின் செடிகளில் ஏழு நின்றன.

“மூன்று ஏன் கருகினவாம்?” தோட்டத் தலைவர் துள்ளினார்.

“தாய்ச்செடியை நான் தேர்ந்தேன், மகரந்தம் கொணர்ந்த வண்டை விசாரிக்க மறந்தேன். தகப்பன் எந்தக் கருகிய செடியோ! என் அறிவு அவ்வளவுதான்.”

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். “பழகிய விதை என்றதும் நானும் தலையாட்டினேனே! அந்த மடமையில் எனக்கும் பங்குண்டு.”

ஏழு செடியின் விதை பெருகும்வரை குடிகளுக்கு அரண்மனைக் களஞ்சியம் திறந்தது. அமைச்சருக்குப் பட்டாடை கிடைத்தது. தோட்டத் தலைவருக்குப் புதுப் பதவி: ஏழு செடியின் மொட்டு ஒவ்வொன்றுக்கும் துணிப்பை கட்டி, பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும்படி வண்டு அண்டாமல் காப்பது.

“எத்தனை மொட்டு இருக்கும், அரசே?” என்றார் அவர் ஈனக்குரலில்.

“கட்டி முடித்ததும் நீரே வந்து சொல்லும்.”