கட்டை போடும் தூரம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். எஞ்சின் சத்தத்தை நான் வாயாலேயே போட்டுக் காட்ட வேண்டிய கதை இது. தள்ளி இருந்தால் காதில் ஏறாது.

மஞ்சம்பாறை மலைக்கு பஸ் கிடையாது. பதினாலு வளைவு, பாதை முழுக்கக் கல்லு. ஏறவும் இறங்கவும் ஒரே ஒரு பழைய ஜீப்பு. காப்பிக்கொட்டை மூட்டைக்கும் அதுதான், காய்ச்சல்காரனுக்கும் அதுதான். ஓட்டுகிறவர் சடையாண்டி. கட்டை போடுகிறவள் அவர் பெண்டாட்டி போதுமணி.

கட்டை போடுவது என்றால் என்னவென்று கேட்பீர்கள். ஏத்தத்தில் வண்டி மூச்சு முட்டி நின்றுவிட்டால் பின்னால் உருளும். உருளுவதற்குள் சக்கரத்துக்கு அடியில் ஒரு முக்கோணக் கட்டையைத் தள்ள வேண்டும். தள்ளுகிற ஆள் வண்டிக்குள் உட்கார முடியாது. கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும்.

போன ஐப்பசி மழையில், எட்டாம் வளைவில் வண்டி உருண்டது. போதுமணி கட்டையைத் தள்ளினாள். வண்டி நின்றது. அவள் கால்விரல் ரெண்டு கட்டைக்கு அடியில் இருந்தது.

இந்த ஆவணியில், மலை இறங்கி அடிவாரம் வந்ததும் எஞ்சினும் உயிரை விட்டது. அடுத்த மழைக்கு ரெண்டே மாசம்.

சடையாண்டி ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு அடிவாரத்துப் பட்டறைக்கு வந்தார்.

பட்டறை சுபைதாவுடையது. ஊரே அவளைப் பாயம்மா என்றுதான் கூப்பிடும். சடையாண்டியைவிட நாலு வயசு இளையவள். ஆனால் அந்தக் காது இருக்கிறதே! வண்டி சந்தைப்பேட்டை முக்கில் திரும்பும்போதே, உள்ளே சோறு தின்றுகொண்டிருக்கிறவள், “மூணாவது சிலிண்டர் தூங்குது” என்பாள். கை கழுவிவிட்டு வந்து திறந்தால் மூணாவதுதான் தூங்கும்.

“பாயம்மா, எனக்கு ஒரு எஞ்சின் வேணும்.”

“எதுக்குண்ணே?”

“எதுக்கா? மலை ஏறத்தான்.”

“அது தெரியுது. எதுக்கு?”

சடையாண்டி தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இவ இனிமே கட்டை தூக்கக் கூடாது.”

டிராக்டரில் உட்கார்ந்திருந்த போதுமணி சுபைதாவைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்தீங்களா? என்னைப் பத்தி என்கிட்ட மட்டும் பேச மாட்டாரு.”

பட்டறையில் ரெண்டு எஞ்சின் கிடந்தன. ஒன்று பெருசு. தார்ரோட்டில் பறந்துகொண்டிருந்த பெரிய காரிலிருந்து கழற்றியது. அஞ்சு கியர் பெட்டியும் கூடவே. இன்னொன்று சின்ன டீசல் எஞ்சின். அதற்குப் பழைய நாலு கியர் பெட்டி. எண்ணெயும் கரியும் அப்பிப்போய், கிணத்தடியில் கிடக்கிற மோட்டார் மாதிரி இருந்தது.

சடையாண்டி பெருசைத் தட்டிப் பார்த்தார். மாட்டைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

“இதுதான். ஒரே மூச்சுல ஏறிரும். வண்டி எங்கயும் நிக்காது. வண்டியே நிக்கலேன்னா கட்டை எதுக்கு?”

சுபைதா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவரிடம் வீசினாள்.

“வெளிய நிக்குதே, அது ஒரு எஸ்டேட்காரர் ஜீப்பு. இதே மாதிரிப் பெரிய எஞ்சின், இதே அஞ்சு கியர். முந்தாநாள்தான் மாட்டுனேன். மலையில ஓட்டிப் பாக்கணும். நீங்க ஓட்டுங்க, நான் கட்டை தூக்குறேன்.”

“நீங்களா?”

“ஏன், மதினி தூக்குனா கட்டை, நான் தூக்குனா கரும்பா?”

முதல் வளைவில் அவள் இறங்கிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகி, கட்டையைத் தோளில் வைத்தாள்.

சடையாண்டி மிதித்தார்.

அடேயப்பா! வண்டி புலி மாதிரி உறுமியது. கல்லெல்லாம் பின்னால் தெறித்தது. ரெண்டாம் வளைவு, மூணாம் வளைவு. இருபது வருசமாக ஊர்ந்த பாதையில் அவர் பறந்தார். ஆறாம் வளைவில் வாய்விட்டுச் சிரித்தார். ஏழாவது போனதே தெரியவில்லை.

எட்டாம் வளைவில் எதிரே மாடுகள் இறங்கி வந்தன.

பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. மாடுகள் ஒதுங்கி, உரசி, கடந்து போயின. சடையாண்டி முதல் கியரைப் போட்டுக் கிளப்பினார்.

கிளம்பவில்லை.

அந்த முதல் கியர் சமதரைக்குப் பிறந்த கியர். வேகத்துக்குத்தான் இழுக்கும். நின்ற இடத்தில், செங்குத்தில், முக்கி முனகியது. இன்னும் மிதித்தார். சக்கரம் சரளையில் சுற்றியது. கிளட்ச் கருகுகிற வாடை. ஒரு குலுக்கல். எஞ்சின் அணைந்தது.

வண்டி பின்னால் நகர்ந்தது. பிரேக்கு பிடித்தும் சரளையில் வழுக்கியது.

“கட்டை!” என்று கத்தினார்.

வண்டி உருண்டது. இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் பள்ளம். ஸ்டீயரிங்கை ஒடித்தார். பின்பக்கம் மண்மேட்டில் போய் மோதி நின்றது.

இறங்கினார். பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து சுபைதா வந்து சேர்ந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் ஒழுங்காக வைத்தாள்.

“கூப்பிட்டீங்களாண்ணே?”

“கூப்பிட்டேன்.”

“கேட்டுச்சு. அப்ப நான் நாலாம் வளைவுல இருந்தேன்.”

சடையாண்டி அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இத்தனை வருசத்தில் ஒருநாளும் தோன்றாத கேள்வி ஒன்று அப்போதுதான் தோன்றியது. வண்டி ஏறும்போது போதுமணி எவ்வளவு தூரத்தில் வருகிறாள்? கத்தினால் கட்டை விழும். அது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும்.

“அப்ப அந்தச் சின்னதா?” என்றார்.

“தண்ணி இருக்காண்ணே?” என்றாள் சுபைதா.

ஒன்பது நாள் வேலை. சின்ன டீசல் எஞ்சின் ஜீப்புக்குள் இறங்கியது. அதன் பின்னால் நாலு கியர் பெட்டி. அதற்கும் பின்னால், ஜீப்பில் ஏற்கெனவே இருந்த குட்டிப் பெட்டியை அவள் கழற்றவே இல்லை. அதன் கம்பியை இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், வண்டி ஆமையாகிவிடும், ஆனால் மிதிக்காவிட்டாலும் விடாமல் ஊரும். எஞ்சின் ஓடும்போது நீளத் திருப்புளி ஒன்றை அதன் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு திருகு திருகுவாள். மறுபடி கேட்பாள். பார்த்துக்கொண்டிருந்தால் பசி தெரியாது.

சடையாண்டிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

“மாவரைக்கிற மிஷின் மாதிரி இருக்கு பாயம்மா, சத்தம்.”

“மாவு அரையுதா இல்லையா?”

எதிர்க்கடைத் தேங்காய் வியாபாரி எட்டிப் பார்த்தார். “சடையாண்டி, இதுல வாழைக்காய் ஏத்தாத. மேல போறதுக்குள்ள பழுத்துரும்.”

“வாயை மூடுய்யா.”

பத்தாம் நாள் காலை. மலைக்குப் போக ஏழு மூட்டை அரிசி ஏற்றியாயிற்று. சடையாண்டி ஓட்டுகிற பக்கம் போனார். அங்கே சுபைதா உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நான்?”

அவள் தாடையால் கட்டையைக் காட்டினாள்.

“மதினி, நீங்க முன்னாடி வந்து ஏறுங்க.”

போதுமணி நொண்டிக்கொண்டே வந்தாள். முன்சீட்டை ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். ஏறினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் புருசனைப் பார்த்தாள்.

“பாத்து வாங்க. கல்லு இருக்கும்.”

சடையாண்டி கட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். அது கனம் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு கனம் என்று தெரியாது.

தட தட தட. வண்டி கிளம்பியது.

ஓடத் தயாராக இருந்தார். ஓட வேண்டியிருக்கவில்லை. முதல் வளைவு. நடந்தார். மூணாம் வளைவு. வண்டி அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை, அவரை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அஞ்சாம் வளைவில் இடது கையை நீட்டினார். பின்பலகை கைக்கு எட்டியது.

“என்னங்க, காத்து நல்லா வருதா?” முன்னாலிருந்து போதுமணியின் குரல்.

“பேசாம வாடி.”

“நானா வர்றேன்? வண்டியில்ல கூட்டிட்டுப் போகுது.”

உள்ளே ரெண்டு பெண்களும் சிரித்தார்கள்.

எட்டாம் வளைவு. மாடு இல்லை, மனுசன் இல்லை. சுபைதா வேண்டுமென்றே நடு ஏத்தத்தில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினையும் அணைத்தாள்.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு முன்பே கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. எப்படிப் போட்டோம் என்று சடையாண்டிக்கே தெரியவில்லை. வண்டி ஒரு விரக்கடை பின்வாங்கி, கட்டையின் மேல் முதுகைச் சாய்த்து நின்றது. அவர் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். ஒரு முழம் தள்ளி, பத்தும் பத்திரமாக இருந்தன.

மறுபடி எஞ்சின். தட தட தட. உறுமல் இல்லை, கருகல் வாடை இல்லை. சக்கரம் கட்டையை விட்டு மெதுவாக எழுந்து, ஒரு கல் ஏறி, அடுத்த கல் ஏறி, ஏழு மூட்டையோடு மேலே போனது.

சடையாண்டி கட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். மூட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் முன்னால் எட்டிப் பார்த்தார்.

பதினாலு வளைவில் அதுதான் ஆகச் செங்குத்தான இடம். அங்கே சுபைதா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, ரெண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, போதுமணி நீட்டிய வெற்றிலையை மறு கையால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.