லாயத்தில் குடியேறிய குதிரைக்காரன்

ராஜா வல்லபதேவனைக் குதிரை கீழே தள்ளிவிட்டது. எதிரியின் சதியெல்லாம் ஒன்றும் இல்லை. குதிரைக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். குதிரைக்காரன் ஒச்சப்பன் வாடகை கட்ட முடியாமல் பெண்டாட்டியோடும் இரட்டைக் கைக்குழந்தைகளோடும் லாயத்திலேயே குடியேறிவிட்டான். ஒன்று அழுதால் இன்னொன்றும் அழும். குதிரை எப்படித் தூங்கும்?

"சாயங்காலத்துக்குள்ள வீடு பாரு. இல்லேன்னா ஊரைவிட்டுப் போ!" என்றார் ராஜா.

வீடு கிடைக்காமல் இல்லை. மருதப்பன், ஏகாம்பரம் என்று இரண்டு தரகர்கள். காலி வீட்டுக் கதவில் யார் முதலில் சுண்ணாம்பில் தோய்த்த கையை அப்புகிறாரோ, அந்த வீட்டை வாடகைக்கு விடுவது அவர்தான். அதற்குச் சம்மதம் வாங்க, "நான் அதிக வாடகை வாங்கித் தர்றேன்" என்று வீட்டுக்காரர்களிடம் போட்டி போட்டே வாடகையை ஏற்றிவிட்டார்கள்.

"வாடகையைக் குறைக்கச் சொல்லுங்களேன் மகாராஜா" என்றார் சபையில் இருந்த குப்பாண்டி.

"வாடகையில தலையிட மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே!"

"அப்போ ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன்."

வந்தார்கள்.

"அரண்மனை ஆளுங்க எல்லாருக்கும் வீடு வேணும்" என்றார் குப்பாண்டி. " ஒருத்தர்கிட்டதான் எடுப்போம். மருதப்பரே, ஏகாம்பரம் வீடுங்க எப்படி?"

"அதெல்லாம் வீடா? மழை வந்தா குடை பிடிச்சுக்கிட்டுதான் சாப்பிடணும். மாசம் ஒரு பணமே ஜாஸ்தி!"

ஏகாம்பரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவர் வீட்டுல தேள்தான் குடியிருக்கும்! அரைப் பணம்கூட அதிகம்!"

"சத்தியமா?"

"சத்தியம்!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"எழுத்தரே, எழுதிக்குங்க. ஏகாம்பரம் வீடுகளுக்கு மருதப்பர் சொன்ன வாடகை. மருதப்பர் வீடுகளுக்கு ஏகாம்பரம் சொன்ன வாடகை. மகாராஜா தலையிடவே இல்லை."

இரண்டு முகமும் சுருங்கிப்போயின.

"யோவ், என் வீட்டைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுய்யா!" என்று மருதப்பன் ஏகாம்பரத்தை இடித்தார்.

"நீ முதல்ல சொல்லு!"

"அப்போ மகாராஜா முன்னாடி பண்ணினது பொய்ச் சத்தியமா?" என்றார் குப்பாண்டி. "அதுக்கு என்ன தண்டனைன்னு வாசிக்கச் சொல்லவா?"

இரண்டு பேரும் சாவிக் கொத்தை எடுத்து நீட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஒச்சப்பன் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டான்.

"குப்பாண்டி, என்ன வெகுமதி வேணும், கேளும்!" என்றார் ராஜா.

"வந்து சேர்ந்துடுச்சு மகாராஜா. நான் வாடகைக்கு இருக்கிறது மருதப்பர் வீட்லதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது.