தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புளோரா ஒரு மீன் கடை வைத்திருந்தாள். பச்சை மீன் விற்கும் கடை அல்ல, சுட்டுத் தரும் கடை. கடைக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி, நீளவாக்கில் அறுத்த இரண்டு எண்ணெய் டிரம்கள் இரும்புக் காலில் நின்றன. அவைதான் அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி வலை, ஒரு மூடி, புகை போக ஒரு குழாய்.

எல்லோரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளுக்குச் சீடர்கள் இரண்டு பேர். சீடர் என்றதும் காவியை நினைக்க வேண்டாம். மசாலாக் கறை படிந்த பனியனும் கைலியும்தான்.

மூத்த சீடர் சவரிமுத்து. புளோராவைவிட வயதில் பெரியவர். விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், முதுகு ஒத்துழைக்காமல் கரையேறி இந்தக் கடைக்கு வந்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

மற்றவன் மீராசா. போன பெருநாள் முடிந்து வந்து சேர்ந்தான். கல்யாணமானவன், அதிகம் பேசமாட்டான், வேலையில் கெட்டிக்காரன். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தக் கடையில் இரண்டு டிரம்மிலும் ஒரே நேரத்தில் மீன் ஏற்றுவதில்லை. ஒன்றில் மீன் வேகும்போது மற்றதில் கரி பழுக்கும். மீன் போட்டவர் தன் நெருப்பு தணிந்தால் "கங்கு" என்று ஒரு குரல் கொடுப்பார். பக்கத்து டிரம்காரர் பழுத்த கங்கை அள்ளி வந்து மீனுக்கு அடியில் பரப்பிவிட்டுப் போவார். இன்று இவர் மீனுக்கு அவர் கங்கு, நாளை அவர் மீனுக்கு இவர் கங்கு. புளோரா முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் இது ஒன்றுதான். மசாலாவெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று விளைமீன் சாப்பிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் விரலை நக்கிக்கொண்டே, "இதைச் சுட்டது யாரு? கூப்பிடுங்க, பாக்கணும்," என்றார்.

சவரிமுத்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்களா?"

"அவர் இல்லங்க," என்றான் பரிமாறுகிறவன். "மீராசா சுட்டது. இவர் சுட்டது அடுத்த மேஜைக்குப் போச்சு."

அடுத்த மேஜையில் யார் சுட்டது என்று யாரும் கேட்கவில்லை.

சவரிமுத்து பின்பக்கம் திரும்பி வந்தார். அவருக்குள் அன்று நுழைந்தது பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. மீராசா குனிந்தால் எரிச்சல், நிமிர்ந்தால் எரிச்சல். அவன் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் திமிர் என்று தோன்றியது. அதன் பிறகு அவர் அவனிடம் கங்குகூடக் கேட்பதில்லை. தன் மூட்டையிலிருந்து தானே கரி அள்ளிப் போட்டுக்கொண்டார். அவன் கேட்டால் மட்டும் கங்கை அள்ளிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டரிடம் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"என் மீன் கசக்குதுங்கிறாங்க. அவன் மீன் கசக்கல. அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

புளோரா அடுப்படிக்குப் போனாள். மீராசா கரைத்து வைத்திருந்த மசாலாச் சட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவருடையதைக் கொண்டுபோய் அவனிடம் வைத்தாள்.

அன்றும் சவரிமுத்துவின் மீன் கசந்தது. மீராசாவின் மீன் கசக்கவில்லை.

"அப்ப டிரம்முதான். அவன் டிரம் நல்லா காத்து வாங்குது," என்றார் மறுநாள்.

"மாத்திக்கோங்க," என்றாள்.

மாற்றிக்கொண்டார்கள். மீராசா மறு பேச்சுப் பேசாமல் தன் கரண்டியை எடுத்துக்கொண்டு இடம் மாறினான். அந்தப் பணிவும் சவரிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. மீன் மறுபடியும் கசந்தது.

"நான் என்ன செய்றேன்னு பாத்துக்கிட்டே இருக்கான் மாஸ்டர். நான் எப்படிப் புரட்டுறேன், எப்ப மூடியைத் திறக்கிறேன், எல்லாத்தையும் கண்ணாலயே உருவிடுறான். எனக்குக் கை ஓடல."

"இப்ப என்ன செய்யணும்?"

"நடுவுல ஒரு மறைப்புக் கட்டிக்கிறேன்."

"உங்க இஷ்டம்."

சவரிமுத்து இரண்டு சவுக்குக் கம்புகளை மணலில் நட்டார். பழைய நீலத் தார்ப்பாய் ஒன்றை அவற்றில் இழுத்துக் கட்டினார். இரண்டு டிரம்முக்கும் நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பிற்று. புகைக் குழாய்களின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த வாரத்தில்தான் காரைக்குடியிலிருந்து வயிரவன் என்பவரின் சங்கதி வந்தது. ஊரில் அவருக்குச் சொந்தமாக ஓர் இடம் இருந்தது. அங்கே இதே போல ஒரு கடை போட வேண்டும், அதற்கு மாஸ்டராக புளோராவிடம் தேறிய ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் வருகிறார், மீனைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

சவரிமுத்துவுக்கு அந்தச் செய்தி கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. மாஸ்டர். காரைக்குடியில் தன்னை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். இத்தனை வருஷம் இன்னொருவர் கடைப் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டதற்கு அது ஒன்றுதான் மிச்சம். அதையும் நேற்று வந்தவன் தட்டிக்கொண்டு போனால் ஊரில் எப்படித் தலை காட்டுவது?

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தபோது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே நெருப்பு பற்றியிருந்தது. முந்திக்கொண்டான், போட்டி என்றதும் முறையை மறந்துவிட்டான் என்று நினைத்தார்.

புளோரா ஐஸ் பெட்டியிலிருந்து பெரிய கொடுவா ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, மீராசா இன்னைக்கு..."

"அவன் பேச்சு வேண்டாம் மாஸ்டர். இன்னைக்கு ஒரு நாள் அவன் பேரை என் காதுல போடாதீங்க."

"ஒரு சேதிதான்."

"எதுவா இருந்தாலும் சாப்பாடு முடியட்டும். அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். இந்தப் பக்கம் நீங்களும் வர வேண்டாம். மாஸ்டர் கை வச்சுத்தான் இவன் ஜெயிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது."

புளோரா தார்ப்பாயைப் பார்த்தாள்.

"அப்ப நான் அந்தப் பக்கம் நிக்கலாமா?"

அவன் பக்கம் நிற்கிறேன் என்று வாய்விட்டே கேட்கிறாளே.

"தாராளமா நில்லுங்க," என்றார்.

அவள் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

சவரிமுத்து மீனைக் கழுவினார். இரண்டு புறமும் கீறினார். மிளகும் பூண்டும் புளியும் அரைத்த விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் திணித்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெருப்பு சீரானதும் வலையில் மீனைக் கிடத்தி மூடியைச் சாத்தினார். பெரிய மீன், மெதுவாகத்தான் வேக வேண்டும்.

அந்தப் பக்கம் கரண்டி இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மூடி திறந்து மூடும் சத்தம்.

என்ன செய்கிறான்? இவ்வளவு சீக்கிரம் புரட்டுகிறானா?

சவரிமுத்து தன் மூடியைத் திறந்து பார்த்தார். மீன் அப்படியே இருந்தது. மூடினார்.

அண்ணாந்து பார்த்தார். தார்ப்பாய்க்கு மேலே அந்தக் குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மெல்லிசாக, லேசான நீலத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புகை. அப்படி ஒரு புகைக்கு எத்தனை வருஷம் முயற்சி செய்திருப்பார் அவர். தன் குழாயைப் பார்த்தார். வெள்ளையாகத் திரண்டு வந்தது.



மறுபடி மூடியைத் திறந்தார். திறக்கத் திறக்க உள்ளே இருந்த சூடு வெளியே போயிற்று. நெருப்பு தணிந்துவிட்டது. மூட்டையில் கைவிட்டுக் கருவேலங்கரியை அள்ளி மீனுக்கு அடியில் போட்டார். பற்றாத கரியின் கசந்த புகை இன்னும் திரண்டது. கண் எரிய விசிறினார்.

அந்தப் பக்கம் புளோரா இருமினாள். பிறகு அமைதி. ஒரு வார்த்தை பேச்சுக்கூட இல்லை. ரகசியமாகக் கையைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறாளோ? எனக்கு ஒரு நாளாவது அப்படிப் பக்கத்தில் நின்றிருக்கிறாளா? நின்றிருக்கிறாள். கடை தொடங்கிய வருஷம் முழுவதும் நின்றிருக்கிறாள். அது அவர் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே," என்று தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "நெருப்பு எப்படி இருக்கு? ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். என் நெருப்பை நான் பாத்துக்கிறேன்."

"கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்."

அவர் இன்னும் இரண்டு கை கரி போட்டார். நீலப் புகை அதே போல வந்துகொண்டிருந்தது. அவன் மீன் இந்நேரம் பொன்னிறமாகியிருக்கும், தோல் லேசாக உப்பியிருக்கும், எண்ணெய் சொட்டத் தொடங்கியிருக்கும். பார்க்காமலேயே அந்த மீனை அவர் முழுதாகப் பார்த்தார். தன் மீனைப் பார்த்தபோது ஒரு பக்கம் கறுத்திருந்தது.

மதியம் வயிரவன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு விசிறி, நிதானமான மனிதர். புளோரா வந்து சவரிமுத்துவிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு முன்பக்கம் போனாள். போகும்போது தட்டை ஒருமுறை முகர்ந்தாள்.

சவரிமுத்து முன்பக்கம் போகவில்லை. மணலில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். அவன் தட்டு முதலில் போயிருக்குமா, தன் தட்டு முதலில் போயிருக்குமா? பசியில் சாப்பிடும் முதல் மீன்தானே ருசிக்கும். அதைக்கூட அவனுக்கு வாங்கிக் கொடுத்திருப்பாளோ என்று நினைத்தார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

புளோரா தட்டோடு திரும்பி வந்தாள். மீனில் இரண்டு கீறல் மட்டும் பிரிந்திருந்தது. மற்றது அப்படியே இருந்தது.

"என்ன சொன்னார் மாஸ்டர்?"

"தண்ணி ரெண்டு டம்ளர் கேட்டார். காரைக்குடியிலேயே வேற ஆளைப் பாத்துக்கிறேன்னுட்டார்."

சவரிமுத்துவுக்குப் புரியவில்லை.

"வேற ஆளா? அவன் மீன் கூடவா பிடிக்கல?"

"எவன் மீன்?"

"அவன் மீன்தான். மீராசா மீன்."

"ஒரு மீன்தான் போச்சு அண்ணே. உங்க மீன்."

"அவன் இன்னைக்குச் சுடலையா?"

"மீராசா விடியக்காலை முதல் பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிட்டான். தங்கச்சிக்கு நிச்சயம். காரைக்குடி எனக்கு வேண்டாம், கடலை விட்டு என்னால இருக்க முடியாது, அண்ணன் போகட்டும்னு போன வாரமே சொல்லிட்டான். வயிரவன்கிட்ட நான் உங்க பேரைத்தான் சொல்லியிருந்தேன். அவர் வந்ததே உங்க கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுப் பாக்கத்தான். காலையில அதைச் சொல்ல வந்தேன்."

சவரிமுத்து எழுந்தார். தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்க அவர் நிற்கவில்லை. கையாலேயே ஒரு பக்கம் இழுத்தார். சவுக்குக் கம்பு மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது.

அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை. கம்பி வலை கழுவித் துடைத்தபடி கிடந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட அதில் இல்லை. அடியில் டிரம் நிறையக் கங்கு, ஒரு கரித்துண்டுகூட மிச்சமில்லாமல் சிவந்து கிடந்தது. பக்கத்தில் அள்ளும் கரண்டி சாய்த்து வைத்திருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே குழாயில் அதே நீலப் புகை.

"என்னோடதைவிட நல்ல புகையா வந்துச்சே மாஸ்டர்."

"மீன் இல்லாத அடுப்புல புகை நல்லாத்தான்ணே வரும்."

கடல் பக்கமிருந்து காற்று வந்து சாய்ந்த தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. அவள் அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

"மீன் இல்ல. ஆளும் இல்ல," என்றார் கடைசியில். "பிறகு இந்த நெருப்பை யாருக்காக மூட்டுனீங்க?"

"உங்களுக்குத்தான். எப்பக் கங்குன்னு கேப்பீங்கன்னு கரண்டியைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."