கிணறு வெட்டியும் நூறு வாய்மீன்களும்

கடல் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சின்னத் தீவில் உடையான் என்ற கிணறு வெட்டி இருந்தார். ஒரே மகள் நல்லக்கிளி. கரையோரம் அவர் தோண்டிய இடமெல்லாம் நல்ல தண்ணீர் ஊறியது. கடலுக்குள் வாழ்ந்த சூனியக்காரி உப்பாத்தாளுக்கு அது பொறுக்கவில்லை.

"என் கரையைக் குடையிறவன் என் அடிமணலைக் குடையட்டும்!" என்று ஒரு பிடி உப்பை வீசினாள். உடையான் விரல்நீள மீனாகித் தண்ணீரில் விழுந்தார்.

நல்லக்கிளி கடலில் இறங்கி நின்று அழுதாள்.

"முழங்கால் தண்ணியில நூறு மீன் இருக்கு," என்றாள் உப்பாத்தாள். "மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள உன் அப்பனைத் தொடு, மனுசனாவான். தப்பாத் தொட்டா நீயும் மீன்."

முதல் நாள் உருவத்தைப் பார்த்தாள். நூறும் மஞ்சள் மேனி. நூறுக்கும் உருண்டைக் கண், கண்ணையும் தாண்டிப் பிளந்த பெரிய வாய், முதுகுத் துடுப்பில் ஒரு நீலப்பொட்டு.

இரண்டாம் நாள் குரல் கொடுத்தாள். "அப்பா!" நூறும் மணல் வளையிலிருந்து தலை நீட்டின. நூறும் வால் முதலாக உள்ளே இறங்கின.

மூன்றாம் நாள் வளைகளைப் பார்த்தாள். கல்லும் சிப்பியும் வாயால் சுமந்து வந்து வளையைச் சுற்றிக் கட்டுவது அந்த மீன்களின் வழக்கம். தொண்ணூற்றொன்பதில் கல் கண்டபடி கிடந்தது. ஒன்றில் மட்டும் கல்லின் தட்டை முகம் உள்பக்கம், இடுக்குக்கு இடுக்கு சிப்பித்துண்டு. தீவில் அப்பா வெட்டிய கிணறுகளெல்லாம் அப்படித்தான் இருந்தன.

"அப்பா!" என்று கை நீட்டினாள். மீன் பின்வாங்கியது. புடைத்த வாய்க்குள் முட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டிக் கண்கள்.

"பக்கத்து வளைக்காரனை நேத்து ராத்திரி பெரிய மீன் தின்னுடுச்சு," என்றாள் உப்பாத்தாள். " அவன் விட்டுப்போன முட்டையை உன் அப்பன் ஏந்திக்கிட்டான். அந்தக் குலத்துல சுமக்கிறது அப்பன்தான். தொடு, பொழுது சாயுது."

"தொட்டா முட்டை?"

"செத்துப்போகும்."

நல்லக்கிளி கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுகளைச் சாகவிட்டு வந்தா எங்கப்பா சோறு திங்க மாட்டாரு," என்றாள்.

சூரியன் முழுகியது. அவள் அசையவில்லை. உப்பாத்தாள் அவள் பக்கத்தில் நீந்தி வந்தாள்.

"என் பிள்ளைகளுக்கு நீ நேரம் கொடுத்தே. உனக்கு நான் கொடுக்காம இருப்பேனா?"

செவ்வொளி மிச்சமிருக்கையில் மீன் வாயைத் திறந்தது. முட்டை பொரிந்த குஞ்சுகள் தூசிபோலப் பறந்தன. நல்லக்கிளி தொட்டாள்.

தாடையைத் தடவிக்கொண்டு உடையான் எழுந்து நின்றார். "கூப்பிட்டியே தாயி, கேட்டுச்சு. வாயைத் திறக்க முடியல."

"கிணறு வெட்டிக்கோ, போ," என்று உப்பாத்தாள் அலைக்குள் மறைந்தாள்.

வீடு போய்ச் சேரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.