தண்ணீர் போகாத தாள்

அர்த்தநாரிக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் ஜவ்வரிசி ஆலையில் மாவோடு மல்லுக்கட்டிய மனுஷன். அந்த வயதில் போய்த் தெய்வானையிடம் சீடராகச் சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. மரவள்ளி மாவையும் களிமண்ணையும் சேர்த்துக் காய்ச்சி, மண்ணில் மக்கிப்போகிற தாள் செய்யக் கற்றுக்கொடுப்பவள்.

"எதுக்குங்க ஐயா இந்தத் தாள்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"எம் மக கோதையோட சாம்பலைக் காவிரியில கரைக்கோணும். ஆத்துல பாலித்தீன் பையைப் போட்டா அவளுக்கு ஆகவே ஆகாது. எங் கையால ஒரு பை செஞ்சு கொண்டுபோறேனுங்க. வழியில ஈரம் படக் கூடாது."

காய்ந்த களிமண்ணைப் பிடி பிடியாக அள்ளிக் கொதிக்கிற கஞ்சியில் கொட்டினார். ஆலைக் கை, அளவாகவா போடும்! தட்டில் ஊற்றிக் காயவைத்துத் தாளை உரித்தார். கிண்ணத்தில் காய்ந்த உப்பை இட்டு, தாளால் அதன் வாயைக் கட்டி, மூடிய தொட்டியில் தண்ணீருக்கு மேலே வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே உப்பு ஈரம் கோத்துக் கசிந்துவிட்டது. மண்ணை இன்னும் கூட்டினார். ஒரே நாளில் கசிந்தது.

"மண்ணு கூடக் கூட ஈரம் நிக்கத்தானே வேணும்? இதென்னம்மா கூத்து!"

தெய்வானை தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அங்கங்கே மண் கட்டி கட்டியாக நின்றது.

"காவக்காரங்க எல்லாரும் ஒரே மூலையில கூடி நின்னா, மத்த பக்கம் யாருங்க பாக்கிறது? முந்தின நாளே மண்ணை ஊற வையுங்க. ஏடு ஏடாப் பிரியட்டும். அப்புறம் கொஞ்சமா விட்டுக் கலக்குங்க. ஈரம் ஒவ்வொரு ஏட்டையும் சுத்திச் சுத்தித்தான் வந்தாகோணும்."

அப்படியே செய்தார். உப்பு ஒன்பது நாள் காய்ந்தே கிடந்தது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. மறுபடியும் காய்ச்சினார். பதினோரு நாள் தாங்கியது. அதுவும் போதாது என்றார். ஒரு மாதம் போயிற்று. சாம்பல் கலயம் அவர் தலைமாட்டிலேயே இருந்தது.

ஒரு நாள் காலையில் தெய்வானை அவர் கையிலிருந்த கஞ்சி கிண்டும் துடுப்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"காவிரி எவ்வளவு தூரமுங்க?"

"பஸ்ஸுல ரெண்டு மணி நேரம்."

"தாள் எத்தனை நாள் தாங்குது?"

"பதினோரு நாள்."

"அப்புறம் என்னங்க யோசனை?"

"துளி ஈரம்கூட எப்பவும் உள்ள போகாத தாளு வேணும்மா. எம் புள்ளை நனைஞ்சிரக் கூடாது."

தெய்வானைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னாள்.

"அப்படியொரு தாள்ல கட்டி விட்டா, பைதான் ஆத்துல போகும். கோதை ஆத்தோட சேரவே மாட்டாளே, ஐயா."