பிளானில் இல்லாத பவுனாம்பாள்

கொழுஞ்சிப்பட்டிக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறிவு இருக்கத்தான் செய்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது அதையும் சேர்த்துப் பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அங்கமுத்து வீட்டில் ஆண்பிள்ளைகள் நாலு பேர் என்பதால் ஆளுக்குக் கால்வாசி வந்தது.

மூத்தவன் அங்கமுத்து. அடுத்தவன் சன்னாசி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், ஆகவே எந்தக் காகிதம் வந்தாலும் அவன் கையில்தான் கொடுப்பார்கள். மூன்றாமவன் நல்லுசாமி கடப்பாரையைப் பிடித்தால் யாராவது பிடுங்கினால்தான் விடுவான். கடைசித் தம்பி பொன்னுரங்கத்துக்குச் சந்தேகம் கேட்பதுதான் வேலை. நாலு பேரில் கல்யாணமானவன் அங்கமுத்து ஒருவன்தான், அவன் பெண்டாட்டி பவுனாம்பாளும் இரண்டு வருஷமாகப் பிறந்த வீட்டில் இருந்தாள்.

அவள் போனதில் தப்பே இல்லை. பழைய கூரை வீடு ஒரு ஐப்பசி மழையில் ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் எல்லாம் பாத்திரம் வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் ரேஷன் கடைக்குப் போனாள். வந்து பார்த்தால் சோற்றுப் பானையிலிருந்து தாளிக்கும் கரண்டி வரைக்கும் தரையில் வரிசையாக இருந்தது. எதையும் எடுக்கக் கூடாது, ஒழுகுகிறது என்று கொழுந்தன்மார் மூவரும் காவல் நின்றார்கள். மழை மூன்று நாள் விடவில்லை, அடுப்பும் மூன்று நாள் எரியவில்லை. நாலாம் நாள் அவள் பெட்டியைக் கட்டினாள்.

"காரை வீடு கட்டுங்க, வர்றேன்" என்றாள் புருஷனிடம். "ஆனா கட்டி முடிச்சுட்டோம்னு நீங்க சொன்னா நம்பமாட்டேன். உங்க தம்பிங்க சொன்னா அறவே நம்பமாட்டேன். முடிஞ்சுதுன்னு கவர்மெண்டு கையெழுத்துப் போடட்டும். அன்னைக்கே பஸ் ஏறிடறேன்."

அங்கமுத்துவுக்கு அவள்மேல் உயிர். அவள் போன மறுநாளே கடைக்கால் தோண்ட ஆரம்பித்தான். நாலு பேரும் மேஸ்திரியோடு கூட நின்று மண் சுமந்து, செங்கல் சுமந்து, இரண்டு வருஷத்தில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, மாடிப்படி, மொட்டைமாடி என்று நல்லபடியாக எழுப்பிவிட்டார்கள். அதுவரை ஒரு கோளாறும் நடக்கவில்லை, ஏனென்றால் அதுவரை மேஸ்திரி இருந்தார். டைல்ஸ் ஒட்டி வெள்ளையடித்ததும், இனிமேல் சில்லறை வேலைதான், அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கையெழுத்துப் போட வேண்டியவர் ஓவர்சியர் கனகசபை. ஒரு வியாழக்கிழமை வண்டியில் வந்து இறங்கினார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பிளானைப் பார்த்தார். மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார். இன்னும் தோண்டவில்லை என்றார்கள்.

"இங்க பாருங்கப்பா" என்றார் அவர். "பிளான்ல இருக்கறது எல்லாம் கட்டடத்துல இருக்கணும். பிளான்ல இல்லாதது ஒண்ணுகூட கட்டடத்துல இருக்கக் கூடாது. அடுத்த புதன்கிழமை வருவேன். ரெண்டும் ஒத்துப்போனா கையெழுத்து."

இதே வார்த்தையை ஓவர்சியர் இருபது வருஷமாக எல்லா வீட்டிலும் சொல்லிவருகிறார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு ஒரு தொட்டியைத் தோண்டுவார்கள், அதோடு சரி. அவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்ட முதல் குடும்பம் இதுதான்.

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சன்னாசி பிளானைக் கூடத்தில் விரித்துவிட்டான். முதலில் பிளானில் இல்லாததை எல்லாம் அப்புறப்படுத்தினார்கள். காலண்டர் போனது. ஏணி பக்கத்து ஊருக்கே போனது. கண் படாமல் இருக்க வாசலில் கட்டியிருந்த வைக்கோல் பொம்மை பிளானில் இல்லை, அவிழ்த்தார்கள். பல்லிகளும் இல்லை. இரண்டு பல்லிகளை ஒரு மத்தியானம் முழுக்கத் துரத்தினார்கள். ஒன்று போய்விட்டது. இன்னொன்று டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் புகுந்துகொண்டதால், டியூப்லைட் பட்டியைக் கழற்றினார்கள்.

பிறகு பிளானில் இருப்பதைச் சேர்க்கும் வேலை. தொட்டியைத் தோண்டி முடித்தார்கள், தவறிப்போய்ச் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அறைகளுக்கு நடுவில் அளவு எழுதியிருந்தது என்று புது டைல்ஸில் கறுப்புப் பெயிண்டால் ஆளுயர எழுத்தில் '12 அடி' என்று எழுதினார்கள். வடக்கைக் காட்டும் அம்புக்குறி பிளானின் மூலையில் இருந்தது, அதனால் வாசலில் ஒன்பது அடியில் சிமெண்டு அம்பு ஒன்று முளைத்தது. கதவுகள் எல்லாம் பிளானில் பாதி திறந்த மாதிரி வரைந்திருந்தன. நல்லுசாமி ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து வைத்து அடியில் கல்லும் கலவையும் கொடுத்து அசையாமல் பண்ணினான், குளியலறைக் கதவு உட்பட.

பிளானில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் கிடந்தது. அதில் பொன்னுரங்கத்துக்குச் சந்தேகம் வந்தது.

"ஏண்ணே, இது டீ கிளாஸ் வச்ச தடமாட்டம் இருக்கே?"

சன்னாசி வெகுநேரம் பார்த்தான். "இன்ஜினியர் படிச்சவருடா. அவரு கிளாஸ் வைக்கணும்னாலும் ஒரு கணக்கோடதான் வைப்பாரு."

"அப்ப இது என்னவா இருக்கும்?"

"என்னவா இருந்தா நமக்கென்ன? இருக்கா இல்லையா? அதான் கேள்வி."

இருந்தது. ஆகவே கூடத்திலிருந்து கிளம்பி, நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய், மறுபடி துளைத்துக்கொண்டு கூடத்துக்கே வரும்படி முழங்கால் உயரத்துக்கு ஒரு வட்டச் சுவர் கட்டினார்கள். கறை ஓரிடத்தில் மங்கலாக இருந்ததால் அந்த இடத்தில் மட்டும் சிமெண்டைக் குறைத்துப் போட்டான் நல்லுசாமி. தொழில் சுத்தம் அப்படி.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தபோது பொன்னுரங்கம் மறுபடி வாயைத் திறந்தான். பிளானில் கூடம் தெரிகிறது, அறை தெரிகிறது, அடுப்பு மேடைகூடத் தெரிகிறது, கூரையை மட்டும் காணோமே என்றான்.

நாலு பேரும் குனிந்து தேடினார்கள். கூரை இல்லை. கூரை இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் மேலேயிருந்து எப்படித் தெரியும் என்று சன்னாசி விளக்கினான். நல்லுசாமி கடப்பாரையை எடுத்தான். அங்கமுத்து அதை வாங்கிக்கொண்டான்.

"இது பவுனுக்காகக் கட்டினது. உடைக்கறதையும் நானே செய்யறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி படியேறினான். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மேலே அவன் கடப்பாரையை ஓங்கின நேரத்தில் கீழே சன்னாசி பிளானைத் திருப்பினான். பின்பக்கம் மொட்டைமாடி முழுசாக இருந்தது. நிறுத்துங்கண்ணே என்று மூன்று பேரும் கத்தினார்கள். கூரை பிழைத்தது. அங்கமுத்து சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வர முதல் படியில் காலை வைத்தான்.

"அண்ணே, காலை எடு" என்றான் சன்னாசி.

மாடிப்படியின்மேல் பிளானில் ஓர் அம்பு போட்டிருந்தது, மேலே பார்த்த அம்பு. கீழே பார்த்த அம்பு எங்கும் இல்லை.

"அப்ப நான் எப்படிடா வர்றது?"

"வர்றதுக்கு பிளான்ல வழியில்லைண்ணே. போறதுக்குத்தான் இருக்கு."

"இறங்கிட்டா?"

"பிளானும் வீடும் ஒத்துப்போகாது. கையெழுத்து வராது."

"கையெழுத்து இல்லேன்னா பவுனு வரமாட்டா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அங்கமுத்து வைத்த காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டான்.

நாலு நாள் அவன் மேலேயே இருந்தான். சோறும் தண்ணீரும் வாளியில் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது, தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் நின்றான். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்து, பழசைவிடப் புதுத் திருஷ்டி பொம்மை நன்றாக இருக்கிறது, கண்ணைக்கூட உருட்டுகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். தாங்களும் பிளானில் இல்லை என்று தெரிந்ததும், இறங்க வழியில்லாத அண்ணனை மட்டும் விட்டுவிட்டுத் தம்பிகள் மூவரும் வெளியேறித் தெருவில் பாய் போட்டுக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஓவர்சியர் வந்தார். வாசல் அம்பைச் சுற்றிக்கொண்டு, பாதி திறந்த கதவில் பக்கவாட்டில் நுழைந்து, வட்டச் சுவரில் முட்டியை இடித்துக்கொண்டார். என்னய்யா இது என்று கேட்டார். சன்னாசி பிளானில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். எல்லாம் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், என்ன எழுதுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். தொட்டியைப் பார்த்தார், அதில் குறை சொல்ல இடமில்லை. சரி, மாடிக் கைப்பிடிச் சுவரையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று, யாரும் தடுப்பதற்குள் விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

மேலே தார்ப்பாய்க்குள்ளிருந்து அங்கமுத்து கும்பிடு போட்டான். ஓவர்சியர் வந்த வேகத்திலேயே திரும்பினார். படியின் அடியில் மூன்று பேரும் கைகட்டி மறித்து நின்றார்கள்.

"இறங்கக் கூடாது சார்" என்றான் சன்னாசி, வெகு பணிவாக. "நீங்கதான் சொன்னீங்க."

அவர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். சார் கையெழுத்துக்காக எங்கள் அண்ணனே நாலு நாளாக நிற்கிறார், நீங்கள் இப்போதுதானே வந்தீர்கள் என்று பொன்னுரங்கம் ஆறுதல் சொன்னான். நல்லுசாமி அவருக்கும் சேர்த்துச் சோறு ஏற்றலாமா என்று விசாரித்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்து ஓவர்சியர் அந்தப் பிளானை மேலே அனுப்புங்கள் என்றார்.

பிளான் வாளியில் ஏறியது. அவர் சிவப்புப் பேனாவால் படியின்மேல் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்து இறக்கினார். மை காய்ந்துவிட்டதா என்று மூன்று பேரும் ஊதிப் பார்த்த பிறகு வழிவிட்டார்கள். அங்கமுத்து ஓடி இறங்கினான். அவனுக்குப் பின்னால் இறங்கிய ஓவர்சியர், கட்டி முடித்த சான்றிதழை நல்லுசாமியின் முதுகில் வைத்து, பையில் கிடந்த நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் சார் என்றார்கள். அவர் கூடத்து வட்டச் சுவரை ஒருமுறை பார்த்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சிவப்புப் பேனா மாடிச் சுவர்மேலேயே கிடந்தது.

போன் போன கையோடு பவுனாம்பாள் பஸ் ஏறிவிட்டாள். அஞ்சு மணி வண்டியில் பெட்டியோடு இறங்கினாள். முதலில் சான்றிதழை வாங்கி முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் பார்த்தாள். சிரித்தாள். வாசல் சிமெண்டு அம்பைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று வலது காலைத் தூக்கி நிலைப்படியில் வைக்கப் போனாள்.

"ஏண்ணே" என்றான் பொன்னுரங்கம். "அண்ணி பிளான்ல இருக்காங்களா?"

சன்னாசி பிளானை முன்னும் பின்னும் புரட்டினான். கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. மொட்டைமாடியிலும் இல்லை. அங்கமுத்து பெண்டாட்டியையும் பிளானையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு வருஷம் கல் சுமந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

பவுனாம்பாள் தூக்கிய காலைக் கீழே வைத்தாள். நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். அவள் பிளானை வாங்கிச் சிவப்பு அம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது முன்னாடி இல்லையா?"

"இல்லை அண்ணி. ஓவர்சியர் இந்தப் பேனாவாலதான் போட்டாரு. போட்டதும் சரியாயிடுச்சு" என்று மாடிச் சுவரில் கிடந்த பேனாவை எடுத்துவந்து காட்டினான் சன்னாசி.

"அப்ப இது கவர்மெண்டு பேனா."

"ஆமா அண்ணி."

"குடு."

பெட்டியின்மேல் பிளானை வைத்து அவள் வரைய ஆரம்பித்தாள். முதலில் கூடத்தில் மின்விசிறி குறித்திருந்த இடத்துக்கு நேர்கீழே தன்னை வரைந்தாள், வட்டச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி. பிறகு சமையலறைக்குப் போனாள். அங்கே அங்கமுத்துவை மீசையோடு நிறுத்தினாள். பக்கத்தில் சன்னாசி, அவன் பக்கத்தில் நல்லுசாமி. நாலாவதாகப் பொன்னுரங்கத்துக்குத் தலை, உடம்பு, இரண்டு கை, ஒரு கால் வரைந்தபோது பேனாவில் மை தீர்ந்துபோனது. உதறிப் பார்த்தாள், வரவில்லை. போகட்டும் என்று பிளானை மடித்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய் உட்கார்ந்தாள்.

இன்றைக்கும் கொழுஞ்சிப்பட்டிப் பக்கம் போனால் பார்க்கலாம். பவுனாம்பாள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அங்கமுத்து முகமெல்லாம் பல்லாகச் சட்னி அரைப்பான். சன்னாசி பாத்திரம் துலக்க, நல்லுசாமி மாவாட்ட, பொன்னுரங்கம் ஒற்றைக் காலில் நின்று தோசை சுடுவான்.

இன்னொரு காலையும் சேர்த்துத் தரும்படி அவன் ஓவர்சியர் ஆபீசில் மனுப் போட்டிருக்கிறான். எந்தக் கால் என்று குறிப்பிடவும் என்று கேட்டு மனு திரும்பி வந்தது. பிளானைப் பார்க்கிறவனுக்கு அது வலது கால், பிளானுக்குள் நிற்கிறவனுக்கு அது இடது கால், ஆகவே இதில் அவசரப்பட முடியாது என்கிறான் சன்னாசி. அது தீரும்வரை, பார்வையிட யாராவது வந்துவிட்டால் வம்பு என்று, பொன்னுரங்கம் காலைத் தோசையை வலது காலிலும் ராத்திரித் தோசையை இடது காலிலும் நின்று சுட்டுக்கொண்டிருக்கிறான்.