பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்

ஏழைகளின் நோய்த்தடுப்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பேராசிரியர் ஞானப்பிரகாசம் காலை பத்து மணிக்கு உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் வீடு வீடாக நாற்பத்திரண்டு பேரைச் சோதித்தார். மூன்று பேருக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

"இங்கே ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்க ஒரு மருந்தகம் எதற்கு? மூடச் சொல்லி எழுதுகிறேன்" என்றார்.

இரண்டு நாளாக உப்பள வேலையை விட்டு அவருக்குக் கருவி சுமந்து வந்த இசக்கியம்மாள் கேட்டாள்: "ஐயா, நேத்து காலையில பத்து மணிக்கு உங்க வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கெடந்துச்சு. அந்தத் தெருவுல பேராசிரியரே இல்லைன்னு எழுதிக்கிடவா?"

"வேலைக்குப் போயிருப்பேன்ல!"

"நாங்களும் விடியமுன்ன அளத்துக்குப் போயிருவோம். நீங்க சோதிச்சது லீவுக்கு வந்த காலேஜ் பிள்ளைகள."

மறுநாள் அவர் அளத்துக்கே வந்தார். அறுபது பேரில் இருபத்தேழு பேருக்கு இருந்தது. வெயிலில் மூச்சிரைக்க நின்ற பேராசிரியரின் கையிலும் இசக்கியம்மாள் கருவியின் பட்டையைக் கட்டினாள்.

"இருபத்தெட்டு, ஐயா. மருந்தகத்தை மூடிராதீங்க."